வயதை மட்டும் பார்த்த வரிசை

2020 டிசம்பர் 8 அன்று இங்கிலாந்தின் கவென்ட்ரி நகர மருத்துவமனையில் 90 வயது மார்கரெட் கீனன் ஃபைசரின் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மருந்துப் பரிசோதனைகளுக்கு வெளியே அதைப் பெற்ற முதல் நபர் அவர்தான். அவருக்குப் பின்னால் யார் என்பதை ஜேசிவிஐ என்ற நிபுணர் குழு ஒன்பது படிகளாக வகுத்திருந்தது. முதியோர் இல்லங்களில் இருப்பவர்கள், 80 வயதைத் தாண்டியோர், 75, 70 என்று 50 வரை இறங்கும் வரிசை அது. முன்களச் சுகாதாரப் பணியாளர்களுக்கும் ஏற்கெனவே நோயுள்ளவர்களுக்கும் நடுவில் இடம் இருந்தது. இனக்குழுவுக்குத் தனிப்படி இல்லை.

இதைக் குறை சொல்வது எளிதல்ல. கொரோனாவில் மரண ஆபத்தை வயது அளவுக்குக் கூட்டும் காரணம் வேறில்லை. தடுக்கக்கூடிய மரணங்களில் சுமார் 99 சதவீதம் இந்த ஒன்பது படிகளுக்குள் அடங்கிவிடும் என்று குழு கணக்கிட்டது. ஆனால் அந்தப் படிகளுக்குள் யார் எத்தனை வாரம் காத்திருந்தார்கள்? எனக்கு உறுத்துவது அதுதான்.

கொரோனாவில் ஒருவர் இறக்க இரண்டு நடக்க வேண்டும்: கிருமி தொற்ற வேண்டும், பிறகு நோய் முற்ற வேண்டும். இரண்டாவதை வயது நன்றாகவே காட்டிக்கொடுக்கும். முதலாவதைக் காட்டாது. நாள் முழுக்க மூடிய காருக்குள் பயணிகளோடு இருந்துவிட்டு, மூன்று தலைமுறை வாழும் சிறிய வீட்டுக்குத் திரும்பும் 52 வயது டாக்சி ஓட்டுநரை நினைத்துப் பாருங்கள். கூடவே, தோட்டம் சூழ்ந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் 66 வயது ஓய்வூதியரையும். தொற்றினால் பெரியவருக்கு ஆபத்து அதிகம். தொற்றவே செய்யும் வாய்ப்பு ஓட்டுநருக்குப் பல மடங்கு. வரிசையில் பெரியவர்தான் முன்னால்.

பிரிட்டனில் இந்த ஓட்டுநரின் இடத்தில் வங்காளதேச, பாகிஸ்தானிய வம்சாவளியினர் பெருமளவில் இருந்தார்கள். 2020 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் அலையில், வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிப் பார்த்த பிறகும், வங்காளதேச வம்சாவளி ஆண்களின் கொரோனா மரண விகிதம் வெள்ளை பிரிட்டிஷ் ஆண்களைப் போல் 5 மடங்கு.

'அது ரத்தத்திலேயே இருக்கிறது' என்று சிலர் முடித்துக்கொண்டார்கள். நுரையீரலைப் பலவீனமாக்கும் ஒரு மரபணு மாறுபாட்டை ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2021-இல் அடையாளம் கண்டது உண்மை. தெற்காசிய வம்சாவளியினரில் சுமார் 60 சதவீதம் பேரிடமும் ஐரோப்பிய வம்சாவளியினரில் 15 சதவீதம் பேரிடமும் அது உண்டு. ஆப்பிரிக்க-கரீபிய வம்சாவளியினரிடமோ வெறும் 2 சதவீதம். அப்படியிருந்தும் முதல் அலையில் மிக அதிகமாக அடிபட்டவர்கள் கறுப்பினத்தவர். அடுத்த அலையில் அவர்களுடைய இடைவெளி குறைந்தது. ஆறு மாதத்தில் மரபணு மாறாது. வேலையும், வீட்டு நெரிசலும், எந்த ஊரில் தொற்று பரவுகிறது என்பதும் மாறும்.

வயது வரம்புக்குள்ளேயும் ஒரு சாய்வு ஒளிந்திருக்கிறது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுடைய ஆயுட்காலம் மற்றவர்களைவிடச் சுமார் 7 ஆண்டுகள் குறைவு. இதய நோயும் சர்க்கரையும் அவர்களுக்கு முன்கூட்டியே வந்துவிடுகின்றன. எல்லோருக்கும் 65 என்று கோடு போட்டால் அந்தக் கோட்டைத் தொடுபவர்களே அவர்களில் குறைவு. மாவோரிகளுக்கு வயது வரம்பைத் தளர்த்தலாம் என்ற ஆலோசனையை அரசு ஏற்கவில்லை. அது மாவோரிகளோடு அரசுக்கு உள்ள வைதாங்கி ஒப்பந்தத்தை மீறுவது என்று, அந்த ஒப்பந்தம் பற்றிய புகார்களை விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயம் 2021 டிசம்பரில் கூறியது.

வேறு விதமாகக் கணக்கிட முடியும் என்பதை இங்கிலாந்தே காட்டியது. 2021 பிப்ரவரியில் கியூகோவிட் என்ற கணிப்பு முறை வயதோடு எடை, நோய்கள், இனக்குழு, வசிக்கும் பகுதியின் வறுமை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தது. புதிதாக 17 லட்சம் பேர் அதிக ஆபத்துப் பட்டியலில் சேர்ந்தார்கள். அவர்களில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தடுப்பூசி வரிசையில் முன்னே நகர்ந்தார்கள்.

ஆனாலும் முன்வரிசையில் இடம் கிடைத்தவர்கள் எல்லோருக்கும் ஊசி போய்ச் சேரவில்லை. 2021 ஜனவரி நடுவில் இங்கிலாந்தின் 80 வயதைத் தாண்டியோரில், கறுப்பினத்தவர் தடுப்பூசி பெற்ற விகிதம் வெள்ளையரில் ஏறக்குறைய பாதிதான். வயது ஒன்று, படி ஒன்று, ஊசி பெற்ற விகிதம் மட்டும் பாதி. அதே மாதம் பர்மிங்காமின் அல்-அப்பாஸ் பள்ளிவாசல் தடுப்பூசி மையமாகத் திறக்கப்பட்டது. அந்தப் பகுதிப் பெரியவர்கள் பலருக்கு அது பல ஆண்டுகளாகப் பழகிய வாசல்.