அந்த முள் எங்கிருந்து வருகிறது?

ஈர்ப்பலைகளை, அதாவது கருந்துளை மோதல் போன்றவற்றால் வெளியில் (space) எழும் நுண்ணிய அலைகளைத் தேடும் லைகோ கருவியில் லேசர் ஓடும் ஒவ்வொரு கையும் 4 கிலோமீட்டர் நீளம். அங்கே தொங்கும் கண்ணாடி ஒரு புரோட்டானின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தால்கூட லேசர் ஒளி காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவு கூர்மையான காதுக்கு ஈர்ப்பலை மட்டுமா கேட்கும்? பம்ப், மின்விசிறி, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம்தான் கேட்கும்.

சிக்னலை அதிர்வெண் வாரியாகப் பிரித்து வரைந்தால் ஓரளவு வழவழப்பான கோடு வரவேண்டும். நடுவில் முள் மாதிரி ஏதாவது நீட்டிக்கொண்டு நின்றால், அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்ற வேட்டை ஆரம்பம். முதலில் எண்ணைப் பார்ப்பார்கள். 60, 120, 180 ஹெர்ட்ஸ் என்றால் மின்சாரம்தான் (லைகோ இருப்பது அமெரிக்காவில், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் 50, 100, 150). 500-ஐ ஒட்டி ஒல்லியாக ஒரு கொத்து நின்றால், கண்ணாடியைத் தாங்கும் சிலிக்கா இழைகள் வயலின் தந்தி போல அதிர்கின்றன என்று அர்த்தம். அடுத்தது உருவம். ஊசியாக, ஆடாமல் அசையாமல் நிற்பது பெரும்பாலும் கடிகாரத்தோடு கட்டிப்போட்ட எலெக்ட்ரானிக்ஸ். கொஞ்சம் தடித்து, மணிக்கு மணி இடம் மாறுவது மோட்டார், ஏனென்றால் சுமைக்கேற்ப அதன் வேகம் மாறும். இதைப் பிரித்துப் பார்க்கப் பொறுமை வேண்டும்: 0.001 ஹெர்ட்ஸ் வித்தியாசம் தெரிய 1000 விநாடிப் பதிவாவது தேவை, இதில் குறுக்குவழியே கிடையாது.

அப்புறம் சாட்சிகள். கட்டடம் முழுக்க வைத்திருக்கும் மைக்ரோஃபோன், அதிர்வு சென்சார், காந்தமானி இவற்றில் எதில் அதே முள் தெரிகிறது? பலர் இங்கேயே வழக்கை முடித்துவிடுவார்கள், அது தப்பு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததாகவும் இருக்கலாமே! சந்தேகப்படும் விசிறியின் வேகத்தை லேசாக மாற்றுங்கள். முள்ளும் கூடவே நகர்ந்தால் ஆள் சிக்கியது. என்னைக் கேட்டால், வெறுமனே அணைத்துப் பார்ப்பதைவிட இது நம்பகமானது. ஆனால் ஆள் சிக்கினாலும், அந்த அதிர்வு கருவிக்குள் நுழையும் பாதை தெரியாது. ஒலிபெருக்கியாலும் அதிர்வுக் கருவியாலும் இடம் இடமாக வேண்டுமென்றே தொந்தரவு கொடுத்து, எங்கே கொடுத்தால் முள் வளர்கிறது என்று பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

காக்கை என்றதும் நினைவுக்கு வருகிறது. 2017-இல் அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் இருக்கும் லைகோ கருவியில் வந்த ஒரு விநோத இரைச்சலுக்கு நிஜமாகவே அண்டங்காக்கைகள்தான் காரணம். வெளியே நைட்ரஜன் குழாயில் படிந்த பனியைக் கொத்தின. அந்த அதிர்வு குழாய் வழியே, லேசர் ஓடும் வெற்றிடக் கலம் வரை போய்விட்டது. கலத்தின் சுவர் ஆடினால் அதில் பட்டுச் சிதறும் துளி லேசர் ஒளியும் ஆட்டத்தைச் சுமந்துகொண்டு மெயின் கற்றையில் வந்து கலந்துவிடும். சரி, காக்கையை விரட்ட முடியுமா? குழாயில் பனி பிடிக்காமல் செய்வதுதான் வழி.

இன்னொன்று 1 ஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக நின்ற முட்கள், சீப்பின் பற்கள் மாதிரி. நேரம் காட்டும் மின்னணு அட்டைகளில் ஒரு எல்இடி விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது; அது இழுத்த சொற்ப மின்னோட்டமே போதுமாக இருந்தது. சிமிட்டாதபடி மென்பொருளை மாற்றியதும் சீப்பு வெகுவாகத் தேய்ந்தது.