ஃபுல் பேக் ஏன் நடுக்களத்தில் நிற்கிறார்?

இங்கிலாந்துக் கால்பந்து அணியான ஆர்சனலின் 2022-23 பருவ ஆட்டப் பதிவுகளைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இடது ஃபுல் பேக் ஜின்சென்கோ பெரும்பாலும் நடுக்களத்தில்தான் நிற்கிறார். அவர் காக்க வேண்டிய ஓரம் காலியாகக் கிடக்காதா?"

கிடக்கும். தெரிந்தேதான் அதைக் காலியாக விடுகிறார்கள்.

ஃபுல் பேக் என்றால் தற்காப்பு வரிசையின் ஓரத்தில் நின்று எதிரணி விங்கரை, அதாவது ஓரமாகத் தாக்க வருபவரைத் தடுப்பவர் என்ற இலக்கணம் என்றோ உடைந்துவிட்டது. 1970 உலகக் கோப்பை இறுதியில் இத்தாலிக்கு எதிராகப் பிரேசிலின் நான்காவது கோலை அடித்த கார்லோஸ் ஆல்பர்ட்டோ வலது ஃபுல் பேக்தான். 2018-19 பிரீமியர் லீகில் லிவர்பூலின் ஃபுல் பேக்குகளில் அலெக்ஸாண்டர்-அர்னால்ட் 12 கோல்களுக்கும் ராபர்ட்சன் 11 கோல்களுக்கும் கடைசி பாஸ் கொடுத்தார்கள். ஆனால் இவர்கள் முன்னேறியது பெரும்பாலும் ஓரமாகவே. 2013-இல் பேயர்ன் மியூனிக் பயிற்சியாளரான குவார்டியோலா அங்கே லாம், அலாபா போன்ற ஃபுல் பேக்குகளை ஓரத்திலிருந்து உள்ளே நகர்த்தினார். எனக்குப் பிடித்த கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஆர்சனலையே எடுத்துக்கொள்வோம். பந்து இடது சென்டர் பேக் (தற்காப்பு வரிசையின் நடுவில் நிற்பவர்) கேப்ரியலிடம் இருக்கிறது. பின்னால் வைட், சலிபா, கேப்ரியல் என மூவர். அவர்களுக்கு முன்னால் நடுக்கள வீரர் பார்ட்டியும் ஜின்சென்கோவும். இடது ஓரத்தில், கோட்டை ஒட்டி, மார்ட்டினெல்லி. இப்போது எதிரணியின் வலது விங்கர் என்ன செய்வார்? ஜின்சென்கோவைத் தொடர்ந்து உள்ளே வந்தால், கேப்ரியலிலிருந்து மார்ட்டினெல்லிக்கு நேர்ப்பாதை திறக்கிறது. தடுக்க ஒரே ஒருவர் இருக்க, மார்ட்டினெல்லி அவரை நேருக்கு நேர் சந்திக்கிறார். விங்கர் தன் இடத்திலேயே நின்றால், ஜின்சென்கோவைக் கவனிக்க ஆளில்லை. எதிரணியின் நடுக்கள வீரர் ஒருவர் அவரை மறிக்க முன்னே வந்தால், வந்தவரின் முதுகுக்குப் பின்னால் ஆர்சனலின் ஒடேகார்டோ ஜாக்காவோ பந்து வாங்க இடம் பிறக்கிறது. ஒருவர் பத்து, பதினைந்து மீட்டர் உள்ளே நகர்ந்ததில் எதிரணியின் எந்த முடிவும் தவறாகிப்போகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

இதற்கு எல்லோரும் சரிப்பட மாட்டார்கள். ஓரத்தில் நிற்பவருக்கு ஒரு பக்கம் எல்லைக்கோடு. அங்கிருந்து எதிரி வர மாட்டான். நடுவிலோ நான்கு திசையிலிருந்தும் வருவான். உக்ரைன் தேசிய அணியில் நடுக்களத்தில் ஆடிப் பழகியவர் என்பதால் ஜின்சென்கோவுக்கு அது கைவந்தது.

இன்னொரு லாபம், பந்து பறிபோகும்போது. ஓரமாக ஓடி முன்னேறிய ஃபுல் பேக் நாற்பது மீட்டர் திரும்பி ஓட வேண்டுமானால், நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் 5 நொடி ஆகும். நொடிக்கு 16 மீட்டர் வேகத்தில் போகும் பாஸ் அதே தூரத்தைப் பாதி நேரத்தில் கடந்துவிடும். நடுவில் நிற்பவரோ கோலுக்குப் போகும் மிகக் குறுகிய பாதையில் ஏற்கெனவே குறுக்கே நிற்கிறார்.

இந்த இடக் கணக்கை எண்களாக்கியவர்களில் ஒருவர், ஹிக்ஸ் என்னும் அடிப்படைத் துகளை ஆராய்ந்து ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றுப் பின்னர் லிவர்பூலில் சேர்ந்த வில்லியம் ஸ்பியர்மேன். ஆடுகளத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும், பந்து அங்கே போனால் எந்த அணி அதை வசப்படுத்தும் என்ற நிகழ்தகவை வீரர்களின் இடத்தையும் வேகத்தையும் வைத்துக் கணிக்கும் மாதிரியை அவர் உருவாக்கினார். அடிப்படை இயற்பியலுக்கு எதற்கு இவ்வளவு பணம் என்று கேட்பவர்களுக்கு நான் இவரைத்தான் காட்டுவேன். துகள்களைத் தேடப் பழகிய மூளை எங்கே போய்ப் பயன்படும் என்று நிதி ஒதுக்கும் நாளில் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே தாராளமாக ஒதுக்க வேண்டும்.

வாசகரின் அச்சத்திலும் நியாயம் உண்டு. பந்தைப் பறித்த எதிரணி அதை அந்தக் காலி ஓரத்துக்கு உடனே அனுப்பினால், கேப்ரியல் நடுவை விட்டு வெளியே ஓட வேண்டும். அவருக்கும் சலிபாவுக்கும் இடையே பிளவு விழும். அதே பருவத்தில் மான்செஸ்டர் சிட்டியில் குவார்டியோலா வேறு வழி கண்டார். ஃபுல் பேக்குக்குப் பதில் சென்டர் பேக்கான ஸ்டோன்ஸை நடுக்களத்துக்கு ஏற்றினார். ஓரத்துக்கு ஓடி ஒற்றைக்கு ஒற்றை நின்று தடுக்கத் தெரிந்த அகான்ஜி, டியாஸ், ஆக்கே ஆகியோரைப் பின்னால் வைத்தார். 2023 ஜூன் 10 அன்று இஸ்தான்புல்லில் இன்டர் மிலானை 1-0 என வென்று சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியபோது, களத்தில் இருந்த இந்த நால்வருமே அடிப்படையில் சென்டர் பேக்குகள். வலது ஃபுல் பேக் கைல் வாக்கர் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில்தான் களமிறங்கினார், அதுவும் ஸ்டோன்ஸுக்குப் பதிலாக.