குரங்கு 'சீர்ப்படுத்துவது' இல்லை, பேன் பார்க்கிறது

தொலைக்காட்சியில் காட்டு விலங்குகளைப் பற்றி ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குரங்கு குப்புறக் கிடக்கிறது. இன்னொன்று அதன் முதுகு முடியை விலக்கி விலக்கி எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறது. பின்னணியில் தமிழ்க் குரல்: "இவை ஒன்றையொன்று சீர்ப்படுத்திக்கொள்கின்றன." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகளுக்கு ஏழு வயது. "அது பேன்தானே பாக்குது மாமா?" என்று கேட்டாள்.

அதேதான். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த சொல் மொழிபெயர்ப்பாளருக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? பாடக் குறிப்புகளிலும் நாளிதழ்களின் அறிவியல் பக்கங்களிலும் இந்தச் 'சீர்ப்படுத்தல்' பல வருடமாக வருகிறது. போன மாதம் 'அலங்கரித்தல்' என்றே ஒரு கட்டுரையில் படித்தேன். குரங்கு என்ன பூ வைத்துவிட்டதா, பொட்டு இட்டதா?

மூலம் ஆங்கிலத்தின் 'குரூமிங்'. 'குரூம்' என்றால் முதலில் பையன், பிறகு வேலையாள், பிறகு குதிரை பார்ப்பவன். அவன் குதிரையைத் தேய்த்துச் சீவிவிடும் வேலை 19ஆம் நூற்றாண்டில் வினைச்சொல் ஆனது. அங்கிருந்து ஆள் தன்னைத் திருத்தமாக வைத்துக்கொள்வதற்கும், குரங்குக்கும், நாய்க்கு முடி வெட்டும் கடைக்கும் அது பரவியது. (மணமகனுக்கான 'பிரைட்குரூம்' வேறு வேரிலிருந்து வந்து ஒலியில் இதோடு ஒட்டிக்கொண்டது.) குழந்தைகளை ஏமாற்றித் தன்வசப்படுத்தும் கயவர்கள் செய்வதற்கும் இன்று இதே சொல்தான். ஆங்கிலம் ஒரே பையில் இத்தனையையும் போட்டு வைத்திருக்கிறது என்பதற்காகத் தமிழும் 'சீர்ப்படுத்தல்' என்று ஒரே பையைத் தைக்க வேண்டுமா?

புதுச்சேரியில் இருப்பதால் எனக்கு ஒரு வசதி. எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார், பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்றவர். அவரிடம் கேட்டேன். பிரெஞ்சில் பேனுக்குப் பெயர் 'பூ'. பேன் எடுப்பது 'எப்பூயாஜ்'. விலங்கு ஆய்வாளர்கள் குரங்குக்கு எழுதுவதும் அதே சொல்தான். கடையில் நாயைக் குளிப்பாட்டிச் சீவுவதற்கு 'துவாலெத்தாஜ்' என்று தனிச்சொல் இருக்கிறது. பேன் என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சம் இல்லை. நமக்கு மட்டும் ஏன்?

கூச்சம்தான் இங்கே காரணம் என்று நான் நினைக்கிறேன். பேன் என்றால் ஏழ்மை, அழுக்கு, பட்டிக்காடு. அறிவியல் கட்டுரைக்கு அது பொருந்தாது என்ற எண்ணம். பொருநராற்றுப்படை, கிழிந்து தைத்த ஆடையைச் சொல்லும்போது 'ஈரும் பேனும்' என்று கூசாமல் எழுதியது. ஏறத்தாழ இரண்டாயிரம் வருடமாக எழுத்தில் இருக்கும் சொல்லை நாம் ஒளித்துவைக்கிறோம்.

சரி, பொருளைப் பார்ப்போம். 'சீர்' என்றால் ஒழுங்கு. குலைந்து கிடந்ததை ஒழுங்குக்குக் கொண்டுவருவது சீர்ப்படுத்தல். சாலையைச் சீர்ப்படுத்தலாம், கணக்கைச் சீர்ப்படுத்தலாம். அதில் முக்கியம் கடைசியில் கிடைக்கும் ஒழுங்கு. ஆய்வாளர்கள் பல மணி நேரம் உட்கார்ந்து கவனிப்பதோ வேறு: யார் யாருக்குச் செய்கிறார்கள், எவ்வளவு நேரம், திருப்பிச் செய்கிறார்களா. கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகளிடம் ராபர்ட் சேபார்த்தும் டோரத்தி செனியும் செய்த சோதனை 1984இல் வெளிவந்தது. உதவி கேட்கும் குரலைப் பதிவுசெய்து, ஒலிபெருக்கியை மறைத்து வைத்துக் கேட்கவைத்தார்கள். உறவல்லாத ஒரு குரங்கின் குரல் என்றால், அந்தக் குரங்கு சற்றுமுன் தனக்குப் பேன் பார்த்துவிட்டிருந்தால்தான், குரலைக் கேட்ட குரங்கு கூடுதலாகக் கவனித்தது. சிம்பன்சிகளைப் பற்றி பிரான்ஸ் டி வால் என்ற ஆய்வாளர் 1997இல் வெளியிட்டதும் இதே போக்குதான்: அன்று தனக்குப் பேன் பார்த்துவிட்ட சிம்பன்சிக்கு இலைதழையில் பங்கு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இந்த இடங்களில் 'சீர்ப்படுத்தியது' என்று போட்டுப் படித்துப் பாருங்கள். உறவே வாக்கியத்திலிருந்து போய்விடுகிறது.

'பேன் பார்த்தல்' அந்த உறவைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. நம் திண்ணைகளில் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், அவள் மடியில் இன்னொருத்தி தலை சாய்ப்பாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பேன்சீப்பும் ஈர்வலியும் பக்கத்தில் கிடக்கும். ஊர்க்கதை எல்லாம் அங்கேதான் ஓடும். பிடிக்காதவர் மடியில் யாரும் தலை வைப்பதில்லை. மனிதக் கூட்டம் பெருகியபோது பேன் பார்த்தலின் இடத்தைப் பேச்சு பிடித்திருக்கலாம் என்று ராபின் டன்பார் என்ற ஆய்வாளர் சொன்னார். நம் திண்ணையில் இரண்டும் சேர்ந்தே நடந்தன.

இலக்கணமும் நம் பக்கம்தான். 'முடியைக் கோதிக்கொண்டது' என்றால் தனக்கு. 'கோதிவிட்டது' என்றால் அடுத்தவருக்கு. 'தன் சீர்ப்படுத்தல்', 'பரஸ்பர சீர்ப்படுத்தல்' என்று ஒட்டுப்போட்டு எழுதுகிறார்களே, அந்த வேறுபாட்டைக் 'கொள்', 'விடு' என்ற இரண்டு துணைவினைகள் செய்துவிடுகின்றன.

"எல்லா நேரமும் பேனா இருக்கிறது?" என்று ஒரு நண்பர் மறுத்தார். நியாயமான கேள்விதான். ஜப்பானியக் குரங்குகள் எடுப்பது பெரும்பாலும் பேனின் முட்டை, அதாவது ஈர் என்று 1993இல் வந்த ஆய்வு காட்டியது. ஆகவே சொல் பொய்யில்லை. பேன் கிடைக்காத நாளிலும் நாம் 'பேன் பார்த்தோம்' என்றுதான் சொல்கிறோம், 'பார்த்தல்' தேடுவதையும் குறிப்பதால்.

ஆனால் பூனைக்கும் குதிரைக்கும் இது செல்லாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே பொதுச்சொல்லாகக் 'கோதுதல்' இருக்கிறது. பறவை இறகு கோதுகிறது, விரலால் கூந்தல் கோதுகிறோம். பிரான்சின் காமார்க் குதிரைகள் ஒன்றின் கழுத்தடி மேட்டை இன்னொன்று பல்லால் வருடிவிடும். மனிதர் கையால் அந்த இடத்தில் அப்படியே வருடினால் குதிரையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று 1993இல் எழுதினார்கள். அதைக் 'கோதிவிடுதல்' என்றால் எந்தத் தமிழருக்கும் புரியும். பூனை 'நக்கிவிடுகிறது', நாயை நாம் 'தடவிக்கொடுக்கிறோம்'. கடைப் பலகையில் 'குளியல், முடி திருத்தல்' என்று எழுதினால் போதும்.

தனித்தமிழ் வேண்டும் என்பவன்தான் நானும். ஆனால் அகராதியைப் புரட்டிப் புதுச்சொல் ஒட்டுவதைத் தனித்தமிழ் என்று சிலர் எண்ணுகிறார்கள். அம்மா வாயில் இருக்கும் சொல்லைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. அந்தப் படத்துக்கு எழுதியவரும் சின்ன வயதில் யாரோ ஒருவர் மடியில் தலை சாய்த்திருப்பார். அன்று அவரிடம் "வா, சீர்ப்படுத்திவிடுகிறேன்" என்று யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.