பச்சைத் துணியும் ஒரு கழித்தல் கணக்கும்

வீட்டு அறையில் பச்சைத் துணி கட்டி, கைபேசியிலேயே பாடம் எடுத்துப் பதிவுசெய்து, பிறகு மென்பொருளால் பச்சையை நீக்கி வேறு பின்னணி வைக்க விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தத் துணி வாங்கலாம்?" என்பதைத்தான். நானும் அங்கேதான் தொடங்கினேன். பளபளப்பான சாட்டின் துணியை நல்ல விலை கொடுத்து வாங்கி வந்தேன். விளக்குப் பட்ட இடமெல்லாம் வெள்ளைத் திட்டாக மின்னியது. மென்பொருளைப் பொறுத்தவரை அங்கே பச்சையே இல்லை. பளபளப்பில்லாத, சுருக்கம் நீங்க இழுத்துக் கட்டிய பருத்தித் துணி போதும். மிச்சப் பணம் வெளிச்சத்துக்குப் போகட்டும். காரணம், மென்பொருள் போடும் கணக்கில் இருக்கிறது.

படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும், அதாவது புள்ளிக்கும், சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். பச்சையின் எண்ணிலிருந்து, மற்ற இரண்டில் எது பெரியதோ அதைக் கழிக்க வேண்டும். ஒரு நிறத்தை மறைத்து அங்கே வேறு படத்தை வைக்கும் 'குரோமா கீ' முறையின் அடிப்படை அவ்வளவுதான். ஒளி நன்றாகப் பட்ட துணி 40, 200, 60 என்று பதிவானால் விடை 140. அந்த இடம் மறைந்து பின்னணிப் படம் தெரியும். முகத்தின் தோல் 220, 170, 140 என்றால் விடை மைனஸ் 50. அது அப்படியே நிற்கும். பாதி முடி, பாதி துணி என்று கலந்த பிக்சலில் விடை ஏறக்குறைய 70 வரும். அந்த இடம் பாதி மட்டும் மறையும். ஒற்றை முடியிழைகூடக் கத்தரித்ததுபோல் இல்லாமல் மென்மையாகப் பின்னணியோடு சேர்வது இதனால்தான். திரைப்படத்தில் இந்த வித்தியாசக் கணக்கை நிலைநாட்டியவர் பொறியாளர் பெட்ரோ விலாஹோஸ். 1959-ல் வெளிவந்த 'பென்-ஹர்' படத்துக்காக அவர் அதை நீலத் திரையில் செய்தார். டிஜிட்டல் கேமராவில் ஒளியைப் பதியும் சென்சாரில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கே ஒதுக்கப்பட்டிருப்பதால் அந்த நிறம் புள்ளியிரைச்சல் குறைந்து தெளிவாகப் பதிவாகிறது. இன்று பச்சை முந்தியதற்கு இது முக்கியக் காரணம்.

இப்போது துணியின் ஒரு மூலை இருட்டில் இருக்கிறது என்று வையுங்கள். அங்கே 15, 60, 20. விடை வெறும் 40. அந்த மூலையையும் மறைக்க வேண்டுமானால், எந்த விடைக்கு மேல் முழுதாக மறைய வேண்டும் என்ற வரம்பை 40-க்கு இறக்க வேண்டும். இறக்கினால், 70-ல் இருந்த முடியோரம் முழுதாகக் காணாமல் போகும். சீரற்ற வெளிச்சம் கெடுப்பது துணியை அல்ல, உங்கள் தலைமுடியை.

சீரான வெளிச்சத்துக்கு விலையுயர்ந்த விளக்கு தேவையில்லை. தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். துணியின் ஓர் ஓரத்துக்கு 2 அடியிலும் மறு ஓரத்துக்கு 8 அடியிலும் விளக்கு இருந்தால், அந்த மறு ஓரம் பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம்கூடப் பெறாது. ஆகவே ஒரே வகையான இரண்டு எல்இடி விளக்குகளைப் பக்கத்துக்கு ஒன்றாகச் சற்றுத் தள்ளி வைத்து, ஒவ்வொன்றையும் எதிர் ஓரம் நோக்கித் திருப்புங்கள். ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். முன்னால் பட்டர் பேப்பர் கட்டினால் ஒளி பரவும். சூடு ஏறாதபடி இடைவெளி விடுங்கள். காற்று அசைக்காத இடமாக அமைந்தால், மொட்டை மாடியின் திறந்த நிழலில் வானமே உங்களுக்கான இலவச விளக்கு.

முகத்துக்கான விளக்கு தனி. இந்த இரண்டையும் கலக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன். துணிக்கும் ஆளுக்கும் 6 அடியாவது இடைவெளி வேண்டும். அப்போதுதான் நிழல் துணியில் விழாது; துணியிலிருந்து திரும்பும் பச்சை ஒளியும் கழுத்திலும் தோளிலும் அதிகம் படியாது. துணியை அளவுக்கு மீறி ஒளிரவைத்தால் அந்தக் கசிவு கூடும். முகத்தளவு வெளிச்சமோ சற்றுக் குறைவோ போதும். முகத்தின் இருண்ட பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். இன்னொரு விளக்கு வாங்கும் செலவு மிச்சம்.

கைபேசியில் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) தானாக மாறாதபடி பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் கையசைக்கும்போதெல்லாம் பச்சை மாறும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரத்தை, 1/100 விநாடியில் வைத்தால் துடிப்பும் தெரியாது, கையசைவும் அதிகம் கலங்காது. இன்னொன்று, பலரும் கவனிக்காதது: பெரும்பாலான கைபேசிகள் நான்கு பிக்சலுக்கு ஒரு முறைதான் நிறத்தைப் பதிகின்றன. மென்பொருள் பச்சையை மறைப்பதோ நிறத்தை வைத்து. அதனால் பிக்சல்கள் அதிகமுள்ள 4கே அளவில் படமெடுத்து, பிறகு 1080 அளவுக்குச் சுருக்குங்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் தனக்கென ஒரு நிறம் கிடைத்துவிடும்.

முழுப் பாடத்தையும் எடுக்குமுன் பத்து விநாடி மட்டும் எடுத்து, தலையைத் திருப்பி, கையை வீசி, கணினியில் போட்டுப் பாருங்கள். முடியைச் சுற்றிப் பச்சை விளிம்பு தெரிந்தால் இன்னும் ஓரடி முன்னால் வாருங்கள். மூலை மட்டும் மறையாமல் நின்றால், எதிர்ப் பக்கத்து விளக்கை அந்த மூலை நோக்கித் திருப்புங்கள்.