'போடு' என்ற ஒரு சொல்லும் கொரியாவில் அதற்கான பத்து வினைகளும்

என்னிடம் கொரிய மொழி படித்துவிட்டு மேற்படிப்புக்காகக் கொரியா போன மாணவி ஒருத்தி, அங்கே போன இரண்டாம் நாள் என்னை அழைத்தாள். குரலில் அழுகை. விடுதி அறையில் கூட இருந்த பெண் குளியலறைப் பக்கம் கைகாட்டி "முல் ஜம்கா" என்று சொல்லியிருக்கிறாள். இவள் ஓடிப்போய் அறைக் கதவைத் தாழ்போட்டுவிட்டு வந்து நின்றிருக்கிறாள். தண்ணீர் தொட்டி நிரம்பி வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

தவறு என்னுடையது. 'ஜம்குதா' என்றால் 'பூட்டு' என்று பட்டியலில் எழுதிக் கொடுத்தது நான்தான். 'முன்' என்றால் கதவு, 'முல்' என்றால் தண்ணீர். கதவோடு சேர்ந்தால் அந்த வினைக்குப் பூட்டுவது என்று பொருள், தண்ணீரோடு சேர்ந்தால் குழாயை மூடுவது. வினையைத் தனியாகப் பிடுங்கி மனப்பாடம் செய்ய வைத்ததால் வந்த வினை அது. அன்றிலிருந்து வீட்டு வேலைச் சொற்களை நான் தனித்தனியாகச் சொல்லித் தருவதில்லை. பொருளும் வினையும் ஜோடியாகத்தான் பலகையில் ஏறும்.

இது ஏன் நமக்கு இவ்வளவு முக்கியம் என்று கேட்டால், 'போடு' என்ற சொல்லைத்தான் காட்டுவேன். லைட் போடு, பேன்ட் போடு, சாக்ஸ் போடு, தொப்பி போடு, வாட்ச் போடு, காபி போடு, போன் போடு, படுக்கை போடு, குப்பையைப் போடு என்று ஒரே வினையை வைத்துக்கொண்டு நாம் பாதி நாளை ஓட்டிவிடுகிறோம். கொரியர்களுக்கு இவை ஒவ்வொன்றும் வேறு வேறு வினை. லைட் என்றால் 'புல் கியொயோ'. பேன்ட் என்றால் 'பஜி இபொயோ'. காலுக்குப் போனால் வினை மாறிவிடும், சாக்ஸுக்கு 'யங்மல் ஷினொயோ'. தலைக்கு ஏறினால் மறுபடி வேறு, தொப்பிக்கு 'மோஜா ஸ்ஸொயோ'. கைக்கடிகாரத்துக்கு 'ஷிகே ச்சாயோ', கையுறைக்கு 'ஜங்கப் க்கியொயோ'. படுக்கையை விரிப்பது 'இபுல் பியொயோ', போன் போடுவது 'ஜொன்வா கொரொயோ', குப்பை போடுவது 'ஸ்ஸுரேகி பொரியொயோ'. இன்ஸ்டன்ட் காபியைக் கலக்கிப் போட்டால் 'கொப்பி தாயோ'. அதே 'தாயோ' பஸ்ஸோடு சேர்ந்தால் ஏறிப் போவது.

(லைட்டைப் போடு என்பதை நாம் பேச்சில் 'லைட் போடு' என்று ஐ உருபை விட்டுச் சொல்வது போலவே அவர்களும் 'உல்', 'ருல்' என்ற உருபுகளை விட்டுவிடுவார்கள். அதனால் இங்கே நானும் விட்டே எழுதியிருக்கிறேன்.)

'மூடு' என்பதும் இப்படித்தான். கதவுக்கு 'முன் ததயோ', கண்ணுக்கு 'நுன் கமயோ', வாய்க்கு 'இப் தமுரொயோ', புத்தகத்துக்கு 'ச்சேக் தொப்பொயோ', தண்ணீருக்கு நம் மாணவியைத் தவிக்கவிட்ட 'முல் ஜம்கயோ'. கேஸ் வால்வுக்கும் இதே ஜம்கயோதான். இந்த ஒன்றை மட்டுமாவது விமானம் ஏறும் முன் வாயில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து நான் அடிக்கடி பார்க்கும் சிக்கல், ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போவது. செயலிகள், காணொளிகள் எல்லாமே பெரும்பாலும் ஆங்கிலத்தில் விளக்கம் தருகின்றன. அங்கே 'வாஷ்' என்ற ஒரே சொல்லின் கீழ் நாலைந்து கொரிய வினைகள் வந்து விழும். மாணவர்கள் குழம்பிப்போய் எல்லாவற்றுக்கும் 'ஷிசொயோ' என்று சொல்லத் தொடங்குவார்கள். தமிழிலிருந்து நேராகப் போனால் பாதிக் குழப்பம் இருக்காது. நாம் கை கழுவுகிறோம், துணி துவைக்கிறோம், பல் துலக்குகிறோம். அவர்களும் பிரித்தே சொல்கிறார்கள்: 'சோன் ஷிசொயோ', 'ப்பல்லே ஹேயோ', 'இ தக்கயோ'. பாத்திரம் கழுவும் வேலைக்கு 'சொல்கொஜி ஹேயோ' என்று தனிப்பெயரே உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது 'மொரி கமயோ'. மொரி என்றால் தலை, தலைமுடி. நாம் 'தலைக்குக் குளிக்கிறேன்' என்று தனியாகச் சொல்கிறோமே, அதே வேலைக்கு அவர்களும் தனி வினை வைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் வழியாகப் படிக்கும் பிள்ளைக்கு இந்த மகிழ்ச்சி கிடைப்பதே இல்லை.

துணை வினைகளில் இந்த ஒற்றுமை இன்னும் ஆழமாகப் போகிறது. 'இபொ போசேயோ' என்றால் போட்டுப் பாருங்கள். 'போதா' என்ற வினைக்குப் பொருளே பார்ப்பதுதான். 'யொரொ ஜுசேயோ' என்றால் திறந்து கொடுங்கள், 'யொரொ நோஉசேயோ' என்றால் திறந்து வையுங்கள். 'மொகொ பொரியொஸ்ஸொயோ' என்றால் சாப்பிட்டுவிட்டேன். குப்பை போடும் அதே 'பொரிதா' இங்கே நம் 'விடு' செய்யும் வேலையைச் செய்கிறது. இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

உடனே யாராவது "அப்போ கொரிய மொழி தமிழிலிருந்து வந்ததா சார்?" என்று கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் அப்படி நிறைய சுற்றுகிறது. அதை மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவதும் உருபுகள் பின்னால் ஒட்டுவதும் ஜப்பானிய மொழியிலும் துருக்கி மொழியிலும்கூட உண்டு. உறவு இல்லாமலும் அமைப்பு ஒத்துப்போகலாம். அந்த ஒற்றுமையைப் படிப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், அது போதும்.

உச்சரிப்பிலும் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. 'உல்' என்ற உருபின் உகரத்தை இதழ் குவிக்காமல் சொல்ல வேண்டும். 'பந்து', 'காடு' என்று முடிக்கும்போது நம் வாயில் தானாக வருகிற குற்றியலுகரம் கிட்டத்தட்ட அதே ஒலிதான். சொல்லின் முதலில் வல்லினமாகவும் நடுவில் மெலிந்தும் ஒலிக்கும் க, த, ப அவர்களிடமும் உண்டு. ஆனால் தமிழ் எழுத்தில் குறித்துவைத்தே காலத்தை ஓட்டிவிடாதீர்கள். 'புல் கியொயோ' என்றால் லைட்டைப் போடுவது, 'புல் க்கொயோ' என்றால் அணைப்பது. கியொயோவில் மூச்சு வெளியே தள்ளும், க்கொயோவில் தொண்டை இறுகும். தமிழ் எழுத்து இந்த வேறுபாட்டை முழுதாகக் காட்டாது, ஹங்குல் காட்டும். அரசர் செஜோங் 1446-இல் வெளியிட்ட அந்த எழுத்துமுறையை ஒரு வாரம் உட்கார்ந்தால் படித்துவிடலாம்.

மரியாதையைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசியில் வரும் 'யோ' நம் 'ங்க' மாதிரி. அதை விட்டுவிட்டால் 'மூடுங்க' என்பது 'மூடு' ஆகிவிடும். நாடகம் பார்த்துப் படிக்கிற பிள்ளைகள் நண்பர்களுக்குள் பேசும் 'யோ' இல்லாத பேச்சையே பிடித்துக்கொண்டு, விடுதிக் காப்பாளரிடமும் அப்படியே பேசிவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு வினையே மாறும். நாம் தூங்குவது 'ஜயோ', வீட்டுப் பாட்டி தூங்குவது 'ஜுமுசேயோ'.

முதல் வாரத்திலேயே கை வைக்க வேண்டிய வேலை குப்பை. 1995 முதல் அங்கே குப்பைக்கு அளவைப் பொறுத்துக் கட்டணம். அந்தந்தப் பகுதிக்கென்று விற்கும் 'ஜோங்னியங்ஜே போங்த்து' என்ற பையை வாங்கி அதில்தான் போட வேண்டும். கடையில் காய் வாங்கிய பையில் கட்டி வைத்தால் அபராதம் வரலாம். மறுசுழற்சிக்கு உரியதும் உணவுக் கழிவும் தனித்தனி. இதில் நம்மவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கோழி எலும்பு, முட்டை ஓடு, நண்டு ஓடு, வெங்காயத் தோல் எல்லாம் நமக்குச் சமையல் கழிவு. அங்கே பெரும்பாலும் இவை உணவுக் கழிவில் சேராது, சாதாரணக் குப்பைப் பையில் போக வேண்டும். ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும். அதனால் கையில் பையோடு பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுவதே நல்லது: "இகொ ஒதிஏ பொரியொயோ?" இதை எங்கே போடணும்? எங்கள் வகுப்பில் கடைசி நாள் எல்லோரும் ஆளுக்கொரு முட்டை ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்த ஒரு கேள்வியை மாறி மாறிக் கேட்டுப் பழகுவோம்.