போதகரிடம் கேள்வி கேட்க யாருக்கு உரிமை இருக்கிறது?

மனநல ஆலோசகராக நான் சந்திப்பவர்களில் போதகர்களும் உண்டு, போதகர்களால் காயப்பட்டவர்களும் உண்டு. போதகர்கள் பெரும்பாலும் தூக்கமின்மை, எரிச்சல், ஜெபிக்கவே மனம் வராத சோர்வு என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். பேச்சு கொஞ்சம் ஓடியதும் நான் தவறாமல் ஒன்று கேட்பேன்: “நேற்று ராத்திரி யாரோட பேசிட்டிருந்தீங்கன்னு உங்ககிட்ட நேருக்கு நேர் கேட்கக்கூடிய ஆள் யாராவது இருக்காங்களா? கேட்டா கோபப்படாம பதில் சொல்வீங்களா?” பலர் சற்று யோசித்துவிட்டு, “நான் கர்த்தருக்குக் கணக்கு ஒப்புவிக்கிறேன்” என்பார்கள். மனதாரத்தான் சொல்கிறார்கள். எனக்குக் கவலை தொடங்குவது அந்தப் பதிலில்தான். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்று எழுதியவர் பவுல் (2 கொரிந்தியர் 8). தர்மப்பணத்தைக் கொண்டுபோகும்போது, சபைகள் தெரிந்தெடுத்த ஒரு ஆளும் கூடவே வருகிறார் என்று விளக்கும் இடத்தில் அதைச் சொல்கிறார். அப்போஸ்தலனுக்கே கூட ஒரு கண் தேவைப்பட்டது.

ஊழியர் தானே வகுத்து, தானே காவல் காக்கிற எல்லை நெருக்கடி வரும்போது நிற்பதில்லை. உலகறிந்த உதாரணம், பல நாடுகளில் பேசிவந்த கிறிஸ்தவப் பிரசங்கியார் ரவி சகரியாஸ். மனைவியும் மகள்களும் தவிர வேறு பெண்ணோடு காரிலோ உணவகத்திலோ தனியாக இருப்பதில்லை என்பது தன் நீண்டகால வழக்கம் என்று 2017-ல் அவர் வெளியிட்ட அறிக்கையில் இருந்தது. 2020 மே மாதம் அவர் இறந்தார். அவருடைய அமைப்பே நியமித்த சட்ட நிறுவனம் 2021 பிப்ரவரியில் தன் விசாரணை முடிவைக் கொடுத்தது. மசாஜ் செய்ய வந்த பெண்களிடம் அவர் பல ஆண்டுகள் முறைகேடாக நடந்துகொண்டது அதில் வெளிப்பட்டது. மசாஜ் செய்பவர்களின் எண்கள் மட்டும் அவருடைய கைப்பேசித் தொடர்புகளில் 200-க்கு மேல் இருந்தன. அவரிடம் விதி இருந்தது. அது நடைமுறையில் இருக்கிறதா என்று போய்ப் பார்க்கத்தான் யாரும் இல்லை. அவர் உயிரோடிருந்தபோதே புகார் சொன்ன பெண்ணை நம்பாமல், அவருடைய வார்த்தையையே நம்பியதற்காக நிர்வாகக் குழு பிறகு மன்னிப்புக் கேட்டது.

எல்லைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் அமெரிக்க சுவிசேஷகர் பில்லி கிரஹாமின் பெயரும் வரும். 1948-ல் கலிஃபோர்னியாவின் மோடெஸ்டோ நகரில் அவரும் உடன் ஊழியர்களும் உட்கார்ந்து, சுவிசேஷகர்களை வீழ்த்துகிற காரியங்கள் எவை என்று யோசித்தார்கள். பணம், பாலியல் ஒழுக்கம், உள்ளூர்ச் சபைகளைக் குறைத்துப் பேசுவது, கூட்டத்தின் எண்ணிக்கையைப் பெருக்கிச் சொல்வது என்ற நான்கு காரியங்களில் தீர்மானம் எடுத்தார்கள். இன்று அதில் எல்லாருக்கும் நினைவிருப்பது “பெண்ணோடு தனியே இருப்பதில்லை” என்பது மட்டும்தான். எனக்கு மற்றவைதான் முக்கியமாகத் தெரிகின்றன. 1950-ல் அட்லாண்டா கூட்டங்கள் முடிந்ததும், சிரித்தபடி கையசைக்கும் கிரஹாமின் படமும் காணிக்கை மூட்டைகளின் படமும் ஒரு நாளிதழில் வெளியாயின. அதன்பின் அவர் காணிக்கையில் பங்கு எடுப்பதை விட்டுவிட்டு, நிர்வாகக் குழு நிர்ணயித்த சம்பளத்துக்கு மாறினார். தன் பணத்தைத் தீர்மானிக்கிற கையை வேறொருவரிடம் கொடுத்தார். நான் பொறுப்புக்கூறல் என்று சொல்வது இதைத்தான்.

பெண்ணோடு தனியே இருப்பதில்லை என்ற விதியை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது பெண்ணையே ஆபத்தாகப் பார்க்கப் பழக்குகிறது. துக்கத்தோடு வருகிறவள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறாள். காயப்பட்டவர்களில் சிறுவர்களும் வாலிபப் பையன்களும் இருக்கிறார்கள். அவர்களை இந்த விதி எந்த விதத்திலும் காப்பதில்லை.

தவறு எப்படித் தொடங்குகிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இது ஒருவருடைய கதை அல்ல. பலரிடம் கேட்டதை அடையாளம் தெரியாதபடி சேர்த்துச் சொல்வது. கணவரை இழந்த ஒரு பெண் ஆராதனை முடிந்ததும் ஜெபிக்கச் சொல்லிக் கேட்கிறாள். போதகர் உண்மையான பரிவோடுதான் ஜெபிக்கிறார். மறுநாள் வாட்ஸ்அப்பில், “இப்போ எப்படி இருக்கீங்க சிஸ்டர்?” என்று ஒரு செய்தி. அப்புறம் தினமும் காலையில் ஒரு வசனம். சில வாரங்களில் காலை வசனம் இரவு உரையாடலாகிறது. “இன்னும் தூங்கலையா?” என்று பதினொரு மணிக்கு ஒரு வரி வருகிறது. ‘சிஸ்டர்’ எப்போது விழுந்து பெயர் மட்டும் நின்றது என்று இருவருக்குமே நினைவிருக்காது. பிறகு ஒருநாள் போதகர் தன் பாரத்தை இறக்கிவைக்கிறார்: “வீட்டில யாருக்கும் என்னைப் புரியல. உங்ககிட்ட பேசினாத்தான் மனசு லேசாகுது.” ஆறுதல் தேடி வந்தவள் இப்போது ஆறுதல் கொடுக்கிறவளாகிவிட்டாள். தேவனுடைய மனிதர் தன்னிடம் மனம் திறக்கிறாரே என்று அவளுக்குப் பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. அதே வாரத்தில் அவர் முதல்முறையாக ஒரு செய்தியை அழிக்கிறார்.

அந்த அழிப்பைத்தான் போதகர்கள் கவனிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். மனைவி பார்த்துவிடக் கூடாது என்று விரல் ஒரு செய்தியை அழிக்கப் போனாலே எல்லை கடந்தாயிற்று. தொடுதல் எல்லாம் அதற்கு வெகுகாலம் கழித்து வருவது. “இன்னும் ஒன்றும் நடக்கவில்லையே” என்று என்னிடம் சொன்னவர்கள் எல்லாருமே ஏற்கெனவே அழிக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த இடத்தில் இருக்கிறவர் தனியாக உபவாசம் எடுத்துச் சமாளிக்கப் பார்ப்பார். பார்க்க வேண்டாம். அதே வாரத்தில் இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணைப் பராமரிக்கும் பொறுப்பை முதிர்ந்த ஒரு பெண் ஊழியரிடம் ஒப்படையுங்கள்.

அந்த மனிதர் யாராக இருக்க வேண்டும்? மனைவி அல்ல. மனைவியைக் காவலுக்கு வைப்பது அவருக்குச் செய்கிற அநியாயம்; தவறு நடந்துவிட்டால் “நீ கவனித்திருக்க வேண்டாமா” என்று சபை அவரையே கேட்கும். மைத்துனரும் மகனுமாக அமைந்த கமிட்டியும் உதவாது. சம்பளத்துக்குப் போதகரை நம்பியிருக்கிறவரும், போதகரின் பிரசங்கத்தில் மயங்கியிருக்கிறவரும் கேட்க வேண்டியதைக் கேட்க மாட்டார்கள். சக போதகர்களின் ஐக்கியம் நல்லதுதான். ஆனால் ஒருவர் மேடைக்கு மற்றவர் அழைக்கப்பட வேண்டியிருக்கும் இடத்தில் கடினமான கேள்விகள் எழாது. போதகரால் எந்த லாபமும் இல்லாதவர், சபைக்கு வெளியே இருப்பவர், தேவைப்பட்டால் சபையை மேற்பார்க்கும் மூப்பர்களிடம் நேரே பேசலாம் என்று எழுத்தில் அனுமதி பெற்றவர் வேண்டும். அவர் பொதுவாக “எப்படி இருக்கீங்க பிரதர்” என்று விசாரித்தால் போதாது. இந்த மாதம் யாரோடு அதிகம் பேசினீர்கள், யாரிடமிருந்து பணமோ பரிசோ வாங்கினீர்கள், எதை அழித்தீர்கள், என்னிடம் இப்போது சொன்னதில் பொய் உண்டா என்று கேட்க வேண்டும்.

மற்றவை எளிய ஏற்பாடுகள். ஆலோசனை அறைக்குக் கண்ணாடிக் கதவு இருக்கட்டும். வெளியே ஒருவர், பேச்சு காதில் விழாத தூரத்தில், பார்வையில் இருக்கட்டும். ஒருவருக்குத் தொடர்ந்து ஆலோசனை தேவைப்பட்டால் அதற்கென்று பயின்றவரிடம் அனுப்புங்கள். இரவில் அவசரம் என்றால் அழைக்க வேண்டிய எண் போதகரின் சொந்த எண்ணாக இருக்க வேண்டியதில்லை. தலையில் கைவைத்து ஜெபிக்குமுன் அனுமதி கேளுங்கள். பிள்ளைகளோடு எந்த ஊழியரும் தனியறையில் இருக்கக் கூடாது. காணிக்கையை எண்ணும்போது உறவினர் அல்லாத இருவராவது இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு என்பதையும் இதே பட்டியலில் சேர்ப்பேன். எல்லாருக்கும் எப்போதும் கிடைக்கிற போதகர் என்று பெயர் வாங்கியவர்கள் உள்ளே காய்ந்துபோய் வருவதை நான் பார்க்கிறேன். காய்ந்த மனதுக்கு ஒரு கனிவான குரல் போதும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். “அவளும் சம்மதித்துத்தானே” என்ற பேச்சு சபைகளில் சுலபமாக எழுகிறது. தன் ரகசியங்களை ஒப்புவித்த, தன் திருமணத்தையும் பிள்ளைகளையும் யாருடைய ஜெபத்தில் ஒப்படைத்தாளோ அவருடைய சொல்லைத் தேவனுடைய சொல்லாகக் கேட்டுப் பழகிய ஒருத்தி, அவரிடம் முடியாது என்று சொல்வது எவ்வளவு கடினம்! மருத்துவரும் மனநல ஆலோசகரும் தங்களிடம் வருகிறவரோடு அப்படி உறவு வைத்தால் எங்கள் தொழில் ஒழுக்க விதிகள் அதைக் கடுமையான குற்றமாகவே பார்க்கும். மற்றவர் சம்மதித்தார் என்று வாதாட முடியாது. போதகருக்கு இருக்கிற அதிகாரம் எங்களுடையதைவிடக் குறைந்ததல்ல.

கேள்வி கேட்கிறவர்களின் வாயை அடைக்க இரண்டு வசனங்கள் அடிக்கடி எடுக்கப்படுகின்றன. “நான் அபிஷேகம் பண்ணினவர்களைத் தொடாமல் இருங்கள்” என்ற வார்த்தை 105-ஆம் சங்கீதத்தில் எங்கே வருகிறது என்று வாசித்துப் பாருங்கள். கொஞ்சப் பேராய், பரதேசிகளாய் அலைந்த முற்பிதாக்களைக் காக்க, ராஜாக்களைப் பார்த்துச் சொல்லப்பட்டது அது. பலவீனருக்கு அரணாக வந்த சொல்லைப் பலவானுக்கு அரணாக்கக் கூடாது. அபிஷேகம் பெற்ற தாவீது ராஜா பிறன் மனைவியை எடுத்துக்கொண்டபோது, “நீயே அந்த மனுஷன்” என்று தீர்க்கதரிசி நாத்தான் அவரிடமே சொன்னார். இரண்டாவது வசனம், குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் பேசச் சொல்லும் மத்தேயு 18. காயப்பட்ட பெண்ணை, முதலில் நீ தனியாகப் போய் அவரிடம் பேசு என்று அனுப்புகிறார்கள். அந்தத் தனிமையில்தானே அவளுக்கு அது நடந்தது! மூப்பர்கள் தவறினால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்று 1 தீமோத்தேயு 5 சொல்வதை ஏனோ யாரும் எடுப்பதில்லை.

தவறு வெளியானபின் மூன்றாவது வாரமே கண்ணீரோடு பிரசங்க மேடைக்குத் திரும்புவதை மனந்திரும்புதல் என்று ஏற்காதீர்கள். மன்னிப்பு கொடுக்கலாம், பொறுப்பைத் திருப்பிக் கொடுப்பது அதிலிருந்து தனி முடிவு. முதலில் காயப்பட்டவருக்கு என்ன தேவை என்று கேளுங்கள். சிகிச்சைச் செலவைச் சபை ஏற்கட்டும். விசாரணையை வெளியாட்கள் நடத்தட்டும். பிள்ளைகள் சம்பந்தப்பட்டிருந்தால் சபைக்குள் விசாரணை என்ற பேச்சே கூடாது. அது காவல்துறைக்கும் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் உரிய வேலை.

இதை வாசிக்கிற யாருக்காவது அப்படி இரவில் செய்திகள் வந்துகொண்டிருக்கலாம். எதையும் அழிக்காதீர்கள். தேதியோடு படமெடுத்து, வேறொரு இடத்திலும் சேமித்து வையுங்கள். “யாரிடமும் சொல்லாதே, ஊழியத்துக்கு இடறலாகும்” என்று சொல்லப்பட்டிருந்தால், அதுவே சொல்ல வேண்டிய முதல் தகவல். சபைக்கு வெளியே நீங்கள் நம்பும் ஒருவரிடம், முடிந்தால் ஒரு ஆலோசகரிடமோ வழக்கறிஞரிடமோ இந்த வாரமே பேசுங்கள். தொட்டிருந்தாலோ மிரட்டியிருந்தாலோ மூப்பர்களின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நேரே காவல்துறைக்குப் போகலாம்.