13 வெற்றிக்குப் பின்னால் ஒளிந்திருந்த 3 புள்ளி: என்.எஃப்.எல். ஆட்டங்களைக் கணிக்கும் கணக்கு

அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக் என்.எஃப்.எல். அதன் 2022 சீசனில் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணி 17 ஆட்டங்களில் 13-ஐ ஜெயித்தது. அந்த 17 ஆட்டங்களிலும் அது எடுத்த புள்ளிகள் மொத்தம் 424, எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்தவை 427. இவ்வளவு ஜெயித்த அணி, கூட்டிக் கழித்துப் பார்த்தால் 3 புள்ளி பின்தங்கி நிற்கிறது. அமெரிக்கன் ஃபுட்பாலில் அடுத்த வாரம் யார் ஜெயிப்பார்கள் என்று கணிக்க உட்காருகிறவர், வெற்றிப் பட்டியலைவிட இந்தப் புள்ளிக் கணக்கைத்தான் அதிகம் நம்புவார்.

இது எப்படி நடந்தது? வைக்கிங்ஸ் தோற்ற நான்கு ஆட்டங்களும் பலத்த அடி. டல்லஸ் கௌபாய்ஸிடம் மட்டும் 40-3. நான்கையும் சேர்த்தால் 89 புள்ளி வித்தியாசம். ஜெயித்த 13 ஆட்டங்களின் மொத்த வித்தியாசமோ 86தான். அந்த 13-இல் 11 ஆட்டங்கள் 8 புள்ளிக்குள் முடிந்தவை. இந்த விளையாட்டில் பந்தை எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளி. அதோடு கூடுதல் வாய்ப்பில் 1 அல்லது 2. ஆக, 8 புள்ளி என்பது ஒரே மூச்சில் எட்டிப் பிடிக்கக்கூடிய தூரம். அப்படி முடிந்த 11 ஆட்டங்களில் 11-ம் வைக்கிங்ஸ் பக்கமே சாய்ந்தன.

அவற்றில் ஒன்றைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். 2022 நவம்பர் 13, பஃபலோ பில்ஸ் மைதானம். ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே மிச்சம். பில்ஸ் 27-23 என முன்னிலை. கோட்டருகே வைக்கிங்ஸின் கடைசி முயற்சியும் தடுக்கப்பட்டு, பந்து பில்ஸ் கைக்கு வந்துவிட்டது. நேரத்தை ஓட்டினால் போதும். ஆனால் பில்ஸின் குவாட்டர்பேக் (பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்) ஜாஷ் ஆலன் கையில் பந்து சரியாக விழவில்லை. எல்லைக்கோட்டுக்கு அப்பால் தரையில் உருண்டது. வைக்கிங்ஸின் எரிக் கெண்ட்ரிக்ஸ் அதன்மேல் பாய்ந்தார்: டச் டவுன். பில்ஸ் கடைசி நொடிகளில் 30-30 எனச் சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் வைக்கிங்ஸ் 33-30 என ஜெயித்தது. நழுவி விழும் பந்து யார் கைக்குப் போகிறது என்பது கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி அதிர்ஷ்டம். பந்து முட்டை வடிவில் கூராக இருப்பதால் எந்தப் பக்கம் எகிறும் என்று சொல்ல முடியாது. வெற்றிப் பட்டியலில் இந்த ஆட்டமும் ஒன்று, ஒரு அணி 30 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் ஆட்டமும் ஒன்று. அங்கேதான் அந்தப் பட்டியல் நம்மை ஏமாற்றுகிறது.

இதைச் சரிக்கட்ட ஒரு சூத்திரம் இருக்கிறது. பேஸ்பாலுக்காக புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் உருவாக்கியது; வடிவத்தைப் பார்த்து பைதகோரஸ் கணக்கு என்று பெயர் வைத்தார்கள். எடுத்த புள்ளியையும் கொடுத்த புள்ளியையும் ஒரே அடுக்குக்கு உயர்த்தி, முதலாவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். பேஸ்பாலில் அடுக்கு 2. இங்கே வழக்கமாக 2.37. வைக்கிங்ஸுக்குப் போட்டுப் பார்த்தால் 17-இல் சுமார் 8.4 வெற்றி வருகிறது. பிளே ஆஃப் முதல் ஆட்டத்தில், சொந்த மைதானத்தில், நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 31-24 எனத் தோற்று வெளியேறினார்கள். அடுத்த சீசனில் குவாட்டர்பேக் கர்க் கசின்ஸும் பாதியில் காயமடைய, 7 வெற்றி, 10 தோல்வி.

சரி, ஒரு அணியின் பலம் தெரிந்தது. இரண்டு அணிகள் மோதினால்? இதற்கு அதிகம் பயன்படுவது, இயற்பியலாளர் அர்பாத் ஈலோ சதுரங்க வீரர்களுக்காக வகுத்த ரேட்டிங் முறை. ஒவ்வொரு அணிக்கும் ஒரு எண். சராசரி அணிக்கு 1500. 1600 ரேட்டிங் உள்ள அணி தன் மைதானத்தில் 1500 அணியைச் சந்திக்கிறது என்று வையுங்கள். சொந்த மைதானத்துக்காக 50 சேர்த்தால் வித்தியாசம் 150. சூத்திரத்தில் போட்டால் வெற்றி வாய்ப்பு 70 சதவீதம். ஜெயித்தால் ரேட்டிங் 6 கூடும், தோற்றால் 14 குறையும். எதிர்பார்த்தது நடந்தால் சின்னத் திருத்தம், எதிர்பாராதது நடந்தால் பெரிய திருத்தம். எனக்கு இந்த முறையில் ரொம்பப் பிடித்தது இதுதான். வாரத்தின் கடைசியான திங்களிரவு ஆட்டம் முடிந்ததும், கணக்கு தன்னைத்தானே திருத்திக்கொண்டு அடுத்த வாரத்துக்குத் தயாராகிவிடும்.

அந்த 50 நிலையான எண் அல்ல. வெளியூர் அணியின் குவாட்டர்பேக் கத்திச் சொல்வது சக வீரர்களுக்கே கேட்காத அளவுக்கு ரசிகர்கள் கூச்சல் போடுவார்கள். 2020-இல் கொரோனாவால் மைதானங்கள் காலியாகவோ அரைகுறையாகவோ கிடந்தன. அந்த ஆண்டு சொந்த மைதான அணிகள் 127 வெற்றி, 128 தோல்வி, 1 டிரா. முந்தைய ஆண்டுகளின் எண்ணை மாற்றாமல் போட்டவர்களின் கணிப்பு அந்த சீசன் முழுக்கச் சறுக்கியிருக்கும்.

அப்புறம் காயங்கள். ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு, களமிறங்காத வீரர்களின் பட்டியல் வெளியாகும். அதில் குவாட்டர்பேக்கின் பெயர் இருந்தால் கணக்கை அப்படியே மாற்றிப் போட வேண்டியதுதான். வேறு எந்த இடத்து வீரருக்கும் இவ்வளவு எடை கிடையாது.

இவ்வளவும் செய்த பிறகும் மிச்சமிருக்கும் நிச்சயமின்மை பெரியது. எதிர்பார்த்த புள்ளி வித்தியாசத்துக்கும் உண்மையில் நடந்ததற்கும் உள்ள விலகல், புள்ளியியல் அளவில், சுமார் 13 முதல் 14 புள்ளி. 3 புள்ளியில் ஜெயிக்கும் என்று கணிக்கப்பட்ட அணி, அந்தச் சிதறலுக்குள், 59 சதவீதம்தான் ஜெயிக்கும். 7 புள்ளி என்றால் சுமார் 70. 2007 சீசனில் அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்காத நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ், 2008 பிப்ரவரியில் சூப்பர் பௌல் எனும் இறுதி ஆட்டத்தில் ஜயன்ட்ஸிடம் 17-14 எனத் தோற்றது இந்தச் சிதறலுக்குள் அடங்கியதே.

முழு வாரத்துக்கு 16 ஆட்டம். ஒவ்வொன்றையும் 65 சதவீதம் சரியாகச் சொல்லக்கூடிய நல்ல கணிப்பாளருக்கு, 16-ம் சரியாக வர வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. சராசரியாகப் பத்து சரியாக வரும். எட்டும் வரும், பன்னிரண்டும் வரும். காசைச் சுண்டிச் சொல்பவருக்கே 11 அல்லது அதற்கு மேல் சரியாக வர பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒரு வார முடிவை வைத்து யாரையும் மெச்சவோ ஒதுக்கவோ கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பிறகு எதை வைத்து அளப்பது? வானிலைக் கணிப்புகளைச் சோதிக்க 1950-இல் கிளென் பிரையர் தந்த அளவுகோல் இங்கும் பொருந்தும். சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியை வர்க்கமாக்க வேண்டும். 70 சதவீதம் என்று சொன்ன அணி ஜெயித்தால் 0.09, தோற்றால் 0.49. 95 சதவீதம் என்று அடித்துச் சொல்லித் தோற்றால் 0.90. எல்லா ஆட்டத்துக்கும் 50-50 என்று சொல்பவருக்கு எப்போதும் 0.25. சீசனின் 272 ஆட்டங்களுக்கும் சராசரி எடுத்தால், அந்த 0.25-க்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறார் என்பதில் கணிப்பாளரின் தரம் தெரியும். அவர் 70 சதவீதம் என்று சொன்ன ஆட்டங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. பத்துக்கு ஏழு ஜெயித்திருந்தால் கணக்கு சரி. பத்துக்கு ஒன்பது ஜெயித்திருந்தால், அவர் கைகாட்டிய அணிகள் நிறைய ஜெயித்திருந்தாலும், அந்த 70 தவறான எண்தான்.